விரல் பாரம்

என் கணவரின் கையை இந்த ஊரில் வீணை வாசிக்கிற பெண்கள் அத்தனை பேரும் அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். கட்டிய மனைவி நான் ஒருத்திதான் அமுக்கியதில்லை. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்ததுதான்.

அவர் பெயர் கோலப்பன். வீணைக்கு மேளம் கட்டுகிறவர். கல்யாண மேளம் என்று நினைத்துவிடாதீர்கள். வீணையின் தண்டியில் இரண்டு ஓரமும் கறுப்பு மெழுகால் கரை எழுப்பி, அதன்மேல் இருபத்துநான்கு வெண்கல மெட்டுகளைக் குறுக்கே பதிக்கிற வேலைக்கு அதுதான் பெயர். மெட்டை, தந்தியைத் தாங்குகிற குதிரைப் பக்கம் ஒரு நூல் கனம் நகர்த்தினால் சுருதி ஏறும். மறுபக்கம் ஒரு நூல் நகர்த்தினால் இறங்கும். இரண்டு மூன்று வருஷத்தில் மெழுகு வெடித்து மெட்டு ஆட ஆரம்பிக்கும். அப்போது பழைய மெழுகையெல்லாம் சுரண்டி எடுத்து, சட்டியில் போட்டு உருக்கி, முதலிலிருந்து கட்ட வேண்டும்.

கரமனையில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. மெழுகு காய்ச்சுவது என் பொறுப்பு. தேன்மெழுகு, குங்கிலியம், விளக்குக் கரி. நாற்பத்தோரு வருஷம் காய்ச்சியிருக்கிறேன். அவர் வேலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை நீட்டுவார். நான் பதமாகப் பிசைந்த மெழுகை அதில் வைப்பேன். பேச்சே கிடையாது. மற்ற நேரமெல்லாம் நான் பேசியதற்கு அந்த ஒரு நேரம்தான் அவருக்கு ஓய்வு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும், வாய் இருக்கிறது, பேசினேன்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வீணையை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் தொடமாட்டார். வாசிக்கிறவர் நேரில் வரவேண்டும். வந்தவரை எதிரே உட்கார வைத்து, தன் இடது சட்டைக்கையை முழங்கைவரை மடக்கி, கையைத் திருப்பி நீட்டுவார். "இஞ்ச வச்சு அமுக்குங்கோ. ஸ்வரம் பிடிக்கிற மாதிரியே" என்பார். அவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டே விரலை வைத்து அமுக்குவார்கள். இவர் கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவுதான். எழுதிவைப்பது, அளப்பது ஒன்றும் கிடையாது. ஒரு வாரம் கழித்து வந்தால் வீணை தயார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. சின்னப் பெண்களாக வந்து அமுக்கினால் எப்படி இருக்கும்? அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா, நாடி பாத்தாச்சா வைத்தியரே?" என்று கேட்பேன்.

"ஒனக்கு வீணை இல்லேல்லா முத்து. உண்டும்னா ஒனக்கும் பாத்துரலாம்" என்று சிரிப்பார்.

ஒரே ஒரு தடவை, அப்படி அமுக்கச் சொல்லி என்னதான் தெரிந்துகொள்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். "பாரம்" என்றார். "ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பாரம் உண்டு." மேலே சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நானும் எழுந்து போய்விட்டேன். நாற்பத்தோரு வருஷத்தில் அந்த வேலையைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். போகிற அவசரம் அப்படி என்ன அவசரம், வெறும் அப்பளம்.

மெழுகு வெடித்த வீணையோடு பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "சாரமில்லே. மெழுகுதானே. உருக்கினா போச்சு." பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓணத்துக்கு முந்திய வாரம், சாலைக் கடையில் குங்கிலியம் வாங்கப் போனவர் திரும்பவில்லை. மகன் வினீத் வண்டியை எடுத்துக்கொண்டு தேடிப் போனான். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் குங்கிலியப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நாலு கரமனை பஸ் அவர் கண்முன்னே போயிருக்கிறது. எதில் ஏற வேண்டும் என்று தெரியவில்லை, கேட்கவும் வெட்கம்.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். ஷீனா என்று ஒரு சின்ன வயசு டாக்டர், மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள்.

"அம்மா, இது கூடிக்கிட்டேதான் போவும். பேரு மறக்கும், வழி மறக்கும், ஆளு மறக்கும். கை பழகின வேலை மட்டும் கடைசியிலதான் மறக்கும். அதுவரைக்கும் அவரை வேலை செய்ய விடுங்கோ. தடுக்காதீங்கோ."

சரி டாக்டர் என்று தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன, தலைதானே.

அதற்குப் பிறகும் வேலை நடந்தது. வந்தவர்களின் பெயர் அவருக்கு நிற்கவில்லை. ஆனால் கையை நீட்டுவார், கண்ணை மூடுவார், மெழுகுக்கு உள்ளங்கையைக் காட்டுவார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போதுதான் ஒரு சின்னப் பெண் வீணையோடு வந்தாள். இருபத்துமூன்று மெட்டு பதித்து, ஒன்றின் இடத்தைக் காலியாக விட்டுவிட்டார். நானும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போன பிறகு அந்தப் பெண்ணின் அம்மா போனில் கத்தினாள். "உங்க வீட்டுல யாருக்கும் எண்ணத் தெரியாதா?"

இவர் பத்து நிமிஷத்தில் அந்த மெட்டைப் பதித்துக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் அது ஆறவில்லை. கோலப்பன் கட்டிய மேளம் என்றால் கச்சேரிக்காரர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆலப்புழையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வீணையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெயரை ஊர் வாயில் போட்டு மெல்லப் போகிறதே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் போய்விடுவார், அது தெரிந்துவிட்டது. பெயராவது நிற்கட்டும் என்று நினைத்தேன். என் நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வினீத் என் போனில் என்னமோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். தந்தியை மீட்டினால் போனில் ஒரு முள் ஆடும்.

"அம்மே, ஒண்ணு நோக்கு. பச்சை வந்தா கரெக்ட். சிவப்பு வந்தா தெற்று. முள்ளு இடத்தே போனா குறவு, வலத்தே போனா கூடுதல்." அவன் வீட்டில் பேசுவதும் பாதிக்கு மேல் மலையாளம்தான்.

"நல்லதாப் போச்சு மக்களே" என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை தூங்குவார். அடுத்து வந்த வீணையை அவர் காலையில் கட்டி முடித்ததும், அந்த நேரத்தில் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு மெட்டாக விரலால் அமுக்கி மீட்டினேன். முதல் மூன்றும் பச்சை. நாலாவது சிவப்பு. முள் இடது பக்கம் போய் நின்றது. குறைவு. ஐந்தாவதும் சிவப்பு. இருபத்துநான்கில் ஒன்பது சிவப்பு.

செவி போய்விட்டது என்று நினைத்தேன். மறந்து போனது பெயரும் வழியும் மட்டும் இல்லை, இதுவும் போய்விட்டது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவர் எழுந்துவிடக் கூடாதே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சூட்டுக்கம்பியை அடுப்பில் போட்டேன்.

நாற்பத்தோரு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு மெட்டை நகர்த்தத் தெரியாதா? கம்பியை மெழுகில் வைத்து இளக்கி, மெட்டைக் குதிரைப் பக்கம் ஒரு நூல் ஏற்றி, பழைய மெழுகைக் கத்தியால் வெட்டிச் சட்டியில் போட்டு, புது மெழுகு வைத்து ஒட்டினேன். இரண்டே முக்கால் மணிக்கு எல்லாம் பச்சை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு எழுந்து சாயா குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வீணையை மடியில் வைத்து ஒருமுறை மீட்டினார். மறுபடி மீட்டினார். நெற்றி சுருங்கியது.

"முத்து, இத நானா வச்சேன்?"

"பின்னே வேற யாரு வந்து வைப்பா?"

"கூடிப்போச்சே."

"காலம்பற நீங்கதான் வச்சிய. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவர் வாதாடவில்லை. தன் கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வருஷமாக எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டேனா, இன்றைக்கு வெள்ளிக்கிழமையா, வினீத் வந்தாச்சா. நான் சொல்வதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார். நானும் அதுவரை ஒன்றுகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் இதையும் நம்பினார்.

அப்படி ஐந்து வீணைகள். ஒவ்வொரு தடவையும் அவர் மத்தியானம் தூங்குவார். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து, இதை நானா வைத்தேன் என்று கேட்பார். நீங்கள்தான் என்பேன். வீணையை வாங்கிப் போனவர்கள் ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. பார்த்தாயா, காப்பாற்றிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாவது வீணை ஸ்ரீவராகம் விசாலம் டீச்சருடையது. அங்கே அக்கிரகாரத்தில் ஐம்பது வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறவர். முப்பது வருஷமாக அவருடைய வீணைக்கு இவர்தான் மேளம். டீச்சர் மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் போகும் முன்னால் வந்து, இவர் கையை அமுக்கிவிட்டு, வீணையை வைத்துவிட்டுப் போனார். நான் அன்றைக்கு ரேஷன் கடையில் நின்றிருந்தேன். டீச்சர் ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் குளப்படியில் வழுக்கி விழுந்து விரலை முறித்துக்கொண்ட விஷயம் ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

அந்த வீணையில்தான் சிவப்பு கூடுதல். ஐந்தாம் மெட்டிலிருந்து பன்னிரண்டுவரை வரிசையாகக் குறைவு. எல்லாவற்றையும் ஏற்றி வைத்தேன். அவர் எழுந்து வந்து ஒரே ஒரு தடவைதான் மீட்டினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வீணையைக் கீழே வைத்தார்.

"எனக்குச் செவி போயிட்டு முத்து. நான் ஒண்ணு வைக்கேன், அது வேற ஒண்ணா இருக்கு. இனி வேண்டாம். ஆளுவ வந்தா சொல்லிரு."

சூட்டுக்கம்பியையும் கத்தியையும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பகவானே, மானத்தோடு நிறுத்தவைத்தாயே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். டீச்சர் வீட்டுக்குக் காவல் இருந்த ஆள் வந்து வீணையை வாங்கிப் போனார்.

வேலை நின்ற பிறகு நோய் ஓட ஆரம்பித்தது. ஆறு மாசம்கூட ஆகவில்லை. முதலில் மகன் பெயர் போயிற்று. ஒருநாள் காலையில் நான் சாயா கொடுத்தபோது, "ரொம்ப உபகாரம் அம்மா" என்றார். வீணை கொண்டுவருகிற பெண்களை அவர் அப்படித்தான் அம்மா என்பார். அன்றையிலிருந்து நான் முத்து இல்லை.

மேட மாசத்தில், அதாவது சித்திரையில், ஒருநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. விசாலம் டீச்சர் இறங்கினார். எழுபத்திரண்டு வயசில் வீணையைத் தானே அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"யாரு இதைத் தொட்டது?"

"என்ன டீச்சர்?"

"மஸ்கட்டுலேருந்து வந்து நேத்திக்குத்தான் உறையைப் பிரிச்சேன். இது கோலப்பன் கட்டினது இல்லே. அஞ்சாம் மெட்டுலேர்ந்து எல்லாம் தூக்கிண்டு நிக்கறது. காதுல வாங்க முடியலே."

எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகியதையே சொன்னேன். "அவருக்குச் சுகமில்ல டீச்சர். உங்களுக்குத் தெரியும்லா. செவியும்..."

"செவியாவது மண்ணாவது! நான் போறதுக்கு முன்னாடி இந்த விரலை வச்சு அமுக்கினேனே. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'டீச்சர், எலும்பு கூடினப்பறம் விரலுக்குப் பாரம் கூடியிருக்கு. அழுத்தம் ஜாஸ்தியானா சுருதி தானே ஏறும். அதனால ஒரு நூல் எறக்கிக் கட்டறேன்'னார். வேற யாராவது மீட்டினா குறைவாத்தான் கேக்கும். நான் மீட்டினா சரியா வந்து நிக்கும். முப்பது வருஷமா அப்படித்தானே. ஒவ்வொருத்தருக்கும் அவா அவா விரலுக்குத்தானே கட்டுவார்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஊர்ல இல்லாதப்போ மத்தவாளும் பேசிண்டிருக்கா. மணக்காட்டுல ஒருத்தி, பேட்டையில ஒருத்தி. கோலப்பன் கை போயிடுத்து, பாவம், நோயாளி, சொன்னா மனசு புண்படும்னு யாரும் வாயைத் தொறக்கலையாம். எனக்கு நம்பவே முடியலே. அதான் நானே வந்தேன்."

நான் எதைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேனோ, அது ஊர் முழுக்க எப்போதோ போயிருந்தது. கெடுத்தது நோய் இல்லை.

"நான்தான் டீச்சர்" என்றேன். "போனை வச்சுப் பாத்துட்டு நான்தான் மாத்தினேன். அஞ்சு வீணையும். அவரு கேட்டாரு. நீங்கதான் வச்சியன்னு அவருகிட்ட பொய் சொன்னேன்."

டீச்சர் என்னைத் திட்டவில்லை. அடிப்பாவி என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு முன்னறை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் போனார்.

"கோலப்பன், என்னைத் தெரியறதா? விசாலம். ஸ்ரீவராகம் விசாலம்."

"வாங்கோ, வாங்கோ" என்று மரியாதையாகச் சிரித்தார். தெரியவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது.

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். அவர் சட்டையின் இடது கையைத் தானே மடக்கிவிட்டு, முறிந்து கூடிய விரலை அவர் கையில் வைத்து அமுக்கினார். அவர் கண் மூடியது. முகம் மாறியது. நான் ஆறு மாசமாகக் காணாத முகம், பட்டறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் முகம்.

"எலும்பு கூடின விரலு" என்றார். "பாரம் கூடுதல். அஞ்சாவதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு நூல் எறக்கணும்."

நான் அடுப்படிக்கு ஓடினேன். இரண்டு தீக்குச்சி அணைந்தது. சட்டியை ஏற்றினேன், கம்பியைப் போட்டேன், துணியில் சுற்றிவைத்த கத்தியை எடுத்தேன். எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். மெழுகு இளகியதும் கை பொசுங்கப் பிசைந்து கொண்டுபோனேன். அவர் பார்க்கவேயில்லை. உள்ளங்கையை நீட்டினார். நீட்டினார் ஐயா, பழையபடியே! மெழுகை வைத்தேன். டீச்சர் வீணையை அவர் முன்னால் நகர்த்தினார்.

மெழுகை விரல்களுக்குள் உருட்டினார். வீணையைப் பார்த்தார். மெழுகைப் பார்த்தார். இன்னும் உருட்டினார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களைப் பார்த்தார்.

"இது என்னத்துக்கு அம்மா?" என்று கேட்டார்.

ஐந்தாம் மெட்டைத் தொட்டுக் காட்டினேன். இங்கே, இதற்குக் கீழே என்றேன். தலையை ஆட்டினார், கை அசையவில்லை. ஒருவேளை கம்பியைப் பார்த்தால் ஞாபகம் வருமோ என்று அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் பழுத்துச் சிவந்திருந்த முனையைப் பிடிக்கக் கை நீட்டினார். ஐயோ என்று இழுத்துக்கொண்டேன். பயந்து போய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். மெழுகு அந்தக் கைக்குள்ளேயே இறுகிக்கொண்டிருந்தது.

பாரம் அவர் கைத்தண்டையில் இன்னும் இருந்தது. அதை மெட்டாக மாற்றுகிற வேலைதான் விரலிலிருந்து போய்விட்டது. கடைசியில்தான் மறக்கும், வேலை செய்ய விடுங்கள் என்று அந்த டாக்டர் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். ஓடிக்கொண்டிருந்த கையை நிறுத்தினவள் நான்.

டீச்சர் வீணையை உறையில் போட்டார். "இப்போ ரெண்டு பேர் கட்டறா, போனைப் பார்த்து. அவாகிட்டேதான் கொடுக்கணும். வேற வழி?" என்றார். வழி இருக்கத்தான் செய்கிறது. வீணைக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை. ஊர் முழுக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். இந்த மனுஷன் ஆயிரம் விரலின் பாரத்தை ஒரு கையில் வைத்திருந்தாரே, அதுதான் இல்லை. டீச்சர் போகும்போது என் முதுகைத் தடவிக்கொடுத்தார். அதற்குப் பதில் ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்றைக்கு மத்தியானம் நான் சமைக்கவில்லை. அவர் அந்த மெழுகு உருண்டையைக் கையிலிருந்து விடவுமில்லை. நாலு மணி வாக்கில் சாயா கொண்டுவந்து வைத்தேன். டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவர் எதிரே உட்கார்ந்தேன். வீணைக்காரர்கள் உட்காருகிற இடம் அது. இத்தனை வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

எதிரே ஆள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் இடது கையைத் திருப்பி நீட்டினார்.

"இஞ்ச வச்சு அமுக்குங்கோ அம்மா. ஸ்வரம் பிடிக்கிற மாதிரியே."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விரலை வைத்தேன். எனக்கு ஸ்வரம் பிடிக்கத் தெரியாது. மத்தியானங்களில் கதவைச் சாத்திக்கொண்டு எப்படி அமுக்கினேனோ, அப்படியே அமுக்கினேன். அவர் கண்ணை மூடினார். நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு எனக்கும் நாடி பார்த்தார்.

"லேசான கை" என்றார். "இந்த விரலுக்கு மெட்டு குறைவாத்தான் நிக்கும். ஒரு நூல் ஏத்திக் கட்டினா சரியாவும்."

ஒரு நூல்தான் ஏற்றியிருந்தேன். ஐந்து வீணையிலும் அதையேதான் செய்திருந்தேன். பேட்டைக்காரிக்கும் மணக்காட்டுக்காரிக்கும் டீச்சருக்கும் அவரவர் விரலுக்கென்று அவர் கட்டியதையெல்லாம் வெட்டிச் சட்டியில் போட்டு உருக்கிவிட்டு, வீணையே இல்லாத என் விரலுக்குக் கட்டிவைத்திருந்தேன். போன் பொய் சொல்லவில்லை. என் கைக்கு அது பச்சைதான்.

அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "எல்லாத்தையும் நான்தான் மாத்தினேன். உங்களுக்குச் செவி போகல்ல. ஒண்ணும் போகல்ல. நீங்க வச்சது அத்தனையும் சரியா இருந்து. நான்தான் அழிச்சேன். கேக்கியளா? நான்தான்."

அவர் கொஞ்சம் திகைத்துப் போனார். யாரோ ஒரு அம்மா, வீணை கெட்டுப் போய் அழுகிறாள் என்று நினைத்திருப்பார். குனிந்து, ரொம்ப அன்பாகச் சொன்னார்.

"சாரமில்லே அம்மா. மெழுகுதானே. உருக்கினா போச்சு."

சரி என்றேன். சாயா ஆறிக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடிப்பதற்காக அவர் கையை விரித்து மெழுகை வாங்கினேன். நன்றாக இறுகியிருந்தது. ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன. அதை மட்டும் நான் சட்டியில் போடவில்லை.